ஸ்போக் வீலில் டியூப்லெஸ்: மெல்ல இறங்கும் காற்று, உங்களுக்கு எங்கே பிடிபட்டது?

மண்பாதை:
பைக்கின் பின் ரிம். டியூப் இல்லாததால் ஸ்போக் துளைகளை அடைக்க உள்ளே சீலிங் டேப். ராத்திரி 33 பிஎஸ்ஐ வைத்தால் காலையில் 27. டயரில் ஆணி இல்லை, வால்வுக்குள் இருக்கும் ஊசியும் புதுசு. சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் மெதுவாக உருட்டினேன். ஒரே ஒரு நிப்பிளின் (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் நட்டு) அடியில் கடுகளவு குமிழி. அது பெருத்து, பிரிந்து மேலே போக, அதே இடத்தில் அடுத்தது. சரி, பிடித்தாயிற்று என்று டயரை இறக்கி அந்த நிப்பிளுக்கு நேர் மேலே டேப்பைப் பார்த்தால் அங்கே பசை துளிகூட விடவில்லை. நகத்தால் கிளப்பினாலும் வரவில்லை. இன்னும் எனக்குப் பிடிபடாதது அதுதான்.

இரவுப்பயணி:
டயர் சூட்டோடு அளந்திருப்பீர்கள். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தாலே ஒன்றரை பிஎஸ்ஐ குறைந்து காட்டும். நானும் இப்படித்தான் ஒரு மலைப்பாதையில் விடியற்காலை கேஜைப் பார்த்துப் பதறிப்போய் வண்டியையே சாய்த்து வைத்து ஆணி தேடினேன். வெயில் ஏறியதும் முள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

கிரீஸ்கை:
இரவுப்பயணி, உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். 6 பிஎஸ்ஐ குறைய வெப்பம் 40 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். அதோடு, குளிரில் குறைந்த காற்று தொட்டியில் குமிழி விடாது!

மண்பாதை, குமிழி வரும் இடம் வேறு, டேப் விட்ட இடம் வேறு. காற்று டேப்புக்கு அடியில் எங்கேயாவது புகுந்தால் ரிம்மின் நடுப்பள்ளத்தோடு ஓடி, எந்த நிப்பிள் தளர்வாக உட்கார்ந்திருக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும். எனக்கு வால்வு துளையின் ஓரத்தில் டேப் சுருங்கியிருந்தது. குமிழி வந்ததோ ஏறக்குறைய எதிர்ப்பக்கத்தில்.

சங்கிலிச்சத்தம்:
என் கதை சின்னது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஸ்போக்கை எல்லாம் டைட் பண்ணிக் கொடுத்தார்கள், அன்றிலிருந்து காற்று நிற்கவில்லை. டயரைக் கழற்றினால் டேப்பின் அடியில் ஒவ்வொரு நிப்பிள் தலையும் திரும்பிய அடையாளம் வட்டமாகத் தெரிந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டேப் ஒட்டுவதற்கு முன்பே பெண்டு எடுத்து ஸ்போக் டென்ஷனை முடித்துவிடுங்கள். பழைய பசையைச் சுரண்டி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். விரல் ரேகை பட்டாலும் அந்த இடத்தில் பிடிக்காது. டேப்பை இழுத்து ஒட்டாதீர்கள். இழுத்தால் பள்ளத்தில் படியாமல் பாலம் போட்டு நிற்கும், காற்றழுத்தம் ஏறியதும் விட்டுவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் ரிம்மில் பீடு (ரிம்மைக் கவ்வும் டயர் விளிம்பு) உட்காரும் இடத்துக்கு உள்பக்கம் மேடு இருக்கிறதா என்று பாருங்கள். டியூப் போடுவதற்கென்றே செய்த பல ரிம்களில் அது இருக்காது. காற்று குறைந்த நிலையில் வளைவில் சாய்த்தால் பீடு நழுவலாம். அந்த ரிம்மில் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் எனக்குச் சம்மதமில்லை.

பெட்டிப்பயணம்:
இந்த டேப் வம்பே வேண்டாம் என்றுதான் கம்பெனியிலேயே டியூப்லெஸாக வரும் ஸ்போக் வீல் வாங்கினேன். 1987-லேயே பிஎம்டபிள்யூ ஜிஎஸ் வண்டிகளில் ஸ்போக்கை ரிம்மின் வெளி விளிம்பில் மாட்டிவிட்டார்கள், காற்றறைக்குள் துளையே கிடையாது. அப்படிப்பட்ட ரிம்தான் என்னுடையதும். அதிலும் இறங்கியது! சோப்புத் தண்ணீர் அடித்தால் டயரும் ரிம்மும் சேரும் கோட்டில் பொடிநுரை. டயரின் பீடு பகுதியை உள்ளே தள்ளிப் பார்த்தால் அலுமினியத்தில் தேமல் மாதிரி வெள்ளைத் திட்டு, தொட்டால் மாவாக உதிர்ந்தது. தேய்த்து எடுத்துவிட்டு அதே டயரைத்தான் திரும்பப் போட்டேன்.

ஒத்தைக்கண்ணாடி:
இத்தனை பாடு எதற்கு? டியூபைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

கிரீஸ்கை:
போடலாம், ஆனால் டியூபில் ஆணி ஏறினால் காற்று பெரும்பாலும் சட்டென்று போகும். சில டியூப்லெஸ் டயர்களின் உட்புற வரிகள் டியூபை உரசியே தின்றுவிடும். அவசரத்துக்குச் சரி.

நடுக்கம்:
வால்வின் அடியை யாரும் சொல்லவில்லையே. எனக்கு நேராக நின்றால் ஒன்றும் வராது. ரப்பர் வால்வை விரலால் ஒரு பக்கம் வளைத்தால் மட்டும் வேரில் கீறல் திறந்து நுரை கட்டும். தொட்டியில் சும்மா உருட்டினால் எத்தனை முறை போட்டாலும் தெரிந்திருக்காது. நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வுக்கு மாறிவிட்டேன்.

மண்பாதை:
இரவுப்பயணி, அளந்தது வண்டி நன்றாக ஆறிய பிறகுதான். கிரீஸ்கை சொன்னபடி வால்வு துளையைச் சுற்றிப் பார்த்தேன், அங்கேயும் டேப் கெட்டியாகத்தான் இருக்கிறது. இனி ரிம்மின் வெல்டு மூட்டுதான் பாக்கி. அதில் இறங்கி யாருக்காவது பிடிபட்டிருக்கிறதா?