எக்ஸ்பெடிஷன் 33: பாரி கைகூடவே இல்லை, படத்தின் அழகைக் குறைக்காமல் வழி உண்டா?

யாழ்மொழி:

வணக்கம். 'கிளேர் ஓப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' என்ற வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன். பிளேஸ்டேஷன் 5, பெரிய தொலைக்காட்சித் திரை, புளூடூத் ஹெட்போன். ஸ்பிரிங் மெடோஸ் பகுதியைத் தட்டுத்தடுமாறித் தாண்டிவிட்டேன். இப்போது ஃப்ளையிங் வாட்டர்ஸ். தண்ணீரே இல்லாத கடலடி அது. பவளங்களுக்கு நடுவே நடக்கிறோம், மீன்கள் காற்றிலேயே நீந்துகின்றன, குமிழிகள் மெல்ல மேலேறுகின்றன. சண்டைக்கே போகாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருக்கிறது.

சண்டை தொடங்கியதும்தான் தொல்லை. முறைவைத்து அடித்துக்கொள்ளும் ஆட்டம்தான் என்றாலும் எதிரியின் முறை வரும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. விழும் ஒவ்வொரு அடிக்கும் பொத்தானை அழுத்தி விலக வேண்டும் (டாட்ஜ்), அல்லது அடி படும் கணத்திலேயே அழுத்தித் தடுக்க வேண்டும் (பாரி). என் பாரி எப்போதாவது ஒன்றுதான் தேறுகிறது. ஆயுதம் மேலே படும் கணத்தில்தான் அழுத்துகிறேன், கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிகிறது, ஆனாலும் அடி விழுகிறது. கடினநிலை 'எக்ஸ்பெடிஷனர்'. படம், தெளிவுக்கு முன்னுரிமை தரும் 'குவாலிட்டி' முறையில் இருக்கிறது. அதைக் குறைக்கச் சொல்லிவிடாதீர்கள். இப்படி இழைத்து இழைத்து உருவாக்கிய உலகத்தை மங்கலாகப் பார்க்க எனக்கு மனம் வராது.

கார்முகில்:

கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் அடி விழுகிறது என்கிறீர்களே, அதுதான் துப்பு. உங்கள் கை சரியாகவே வேலை செய்கிறது. கைக்கும் திரைக்கும் நடுவில் தாமதம் புகுந்திருக்கிறது.

மூன்று இடங்களில் புகுந்திருக்கலாம். பெரிய குற்றவாளி பெரும்பாலும் தொலைக்காட்சிதான். திரைப்படம் பார்ப்பதற்கான அமைப்பில் அது ஒவ்வொரு படத்தையும் வாங்கி, அசைவை மென்மையாக்கி, புள்ளிகளைத் துடைத்து, பிறகுதான் காட்டுகிறது. சில திரைகளில் இதற்கே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். நீங்கள் பார்க்கும் வாள் ஏற்கெனவே உங்களைத் தொட்டுவிட்ட வாள். தொலைக்காட்சி அமைப்பில் 'கேம் மோட்' என்று இருக்கும், அதைப் போடுங்கள். வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது ஹெட்போன். இந்த ஆட்டத்தில் அடி விழப்போவதை ஒலியும் சொல்கிறது. புளூடூத்தில் அந்த ஒலி பிந்தி வருகிறது. கம்பி ஹெட்போனை கன்ட்ரோலரிலேயே செருகிக்கொள்ளலாம்.

மூன்றாவதைச் சொன்னால் வருத்தப்படுவீர்கள். குவாலிட்டி முறையில் விநாடிக்கு 30 படம், பெர்ஃபார்மன்ஸ் முறையில் 60. முப்பதில் ஒரு படம் 33 மில்லி விநாடி திரையில் நிற்கிறது, அறுபதில் அதில் பாதிதான். முதல் இரண்டையும் சரிசெய்து பாருங்கள், அதற்குப் பிறகும் தேறவில்லை என்றால் இதைப் பற்றிப் பேசலாம்.

யாழ்மொழி:

உடனே பதில் தந்ததற்கு நன்றி. கேம் மோட் போட்டேன். வித்தியாசம் உடனே தெரிகிறது, பொத்தானை அழுத்தினால் அழுத்திய கணத்திலேயே கை அசைகிறது. ஆனால் நிறமெல்லாம் வெளிறி நீலம் பாரித்துவிட்டது. பவளத்தின் சிவப்பே போய்விட்டது. இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

தும்பி:

இருக்கிறது. நிறத்தைக் கெடுப்பது கேம் மோட் அல்ல, அதோடு சேர்ந்து வரும் தயாரிப்பாளரின் நிற அமைப்பு. பெரும்பாலான திரைகளில் அது 'கூல்' என்ற நிற வெப்பத்தில் வரும். அதை 'வார்ம்' பக்கம் தள்ளுங்கள். முதல் சில நிமிடம் மஞ்சள் பூத்ததுபோல் இருக்கும், கண் பழகிய பிறகு பழைய அமைப்புக்குத் திரும்ப மாட்டீர்கள். கூர்மை அளவையும் குறையுங்கள். அது அதிகமாக இருந்தால் கூந்தலும் புல்லும் வெள்ளை ஓரம் கட்டிக்கொண்டு நிற்கும். கடைசியாக பிளேஸ்டேஷன் அமைப்பில் எச்.டி.ஆர். (திரையின் ஒளி-இருள் வீச்சு) சரிசெய்யும் பக்கத்தை மறுபடி ஓட்டுங்கள். கேம் மோடுக்கு மாறியபின் பழைய அளவு பொருந்தாது.

உங்கள் பிடிவாதம் எனக்குப் புரிகிறது. பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் இயங்கும் சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் என்ற சிறிய குழு செய்து, 2025 ஏப்ரலில் வெளிவந்த ஆட்டம் இது. பெல் எபோக் எனப்படும், முதல் உலகப் போருக்கு முந்தைய காலத்துப் பிரான்ஸின் கட்டடங்களையும் அலங்காரத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு கனவுலகத்தையே கட்டியிருக்கிறார்கள். ஆட்டத்தில் வரும் லுமியேர் நகரத்துத் தெருவிளக்கு ஒன்றைக்கூட ஏனோதானோ என்று வைக்கவில்லை. அதை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

நெடுஞ்சுடர்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் பாதிதான். தாமதம் முழுவதும் போனாலும் பாரி தானாக வந்துவிடாது, ஏனென்றால் இந்த ஆட்டத்தின் எதிரிகள் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள். ஆயுதத்தை ஓங்குவான், நிறுத்துவான், நாம் பதறி அழுத்தியபிறகு சாவகாசமாக இறக்குவான். ஓங்குவதைப் பார்த்து அழுத்துகிறவர்கள் எல்லோரும் அடிவாங்குவார்கள். ஓங்கிய ஆயுதம் கீழே பாயத் தொடங்கும் அந்த வெடுக்கென்ற அசைவை மட்டும் பாருங்கள். காற்றைக் கிழிக்கும் ஒலியும் அதோடுதான் வரும்.

அதனால் கொஞ்ச காலத்துக்கு பாரியை மறந்துவிடுங்கள், டாட்ஜ் மட்டும் செய்யுங்கள். டாட்ஜுக்கான நேர இடைவெளி அகலமானது. அதில் மிகச் சரியான கணத்தில் விலகினால் 'பெர்ஃபெக்ட்' என்று காட்டும். அந்தக் கணம்தான் பாரியின் கணம். ஓர் எதிரியின் அடிவரிசை முழுவதிலும் பெர்ஃபெக்ட் வரத் தொடங்கியதும், அந்த எதிரிக்கு மட்டும் பாரிக்கு மாறுங்கள். பாரி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏ.பி. (திறன்களுக்குச் செலவிடும் புள்ளி) கிடைக்கும், வரிசையில் உள்ள அத்தனை அடிகளையும் தடுத்தால் எதிரடி தானாக விழும். அந்த எதிரடி விழும்போது வரும் மகிழ்ச்சிக்காகவே இதைக் கற்றுக்கொள்ளலாம்.

பழகுவதற்கு ஸ்பிரிங் மெடோஸுக்குத் திரும்பிப் போங்கள். ஈட்டி ஏந்திய லான்செலியே என்ற எதிரி அங்கே இருக்கிறது, அடி பெரிதாக வலிக்காது. பயணக்கொடி அருகில் ஓய்வெடுத்தால் எதிரிகள் மறுபடி முளைப்பார்கள். பழகும்போதே பயனும் உண்டு: அணிந்திருக்கும் பிக்டோஸ் (தனி ஆற்றல் தரும் அணிபொருள்) 4 சண்டை வென்றதும் தேர்ச்சி பெறும், பிறகு அதன் ஆற்றலை லுமினா புள்ளி கொடுத்து அணியில் எவரும் பயன்படுத்தலாம். 'டாட்ஜர்' என்ற பிக்டோஸ் கையில் இருந்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள், பெர்ஃபெக்ட் டாட்ஜுக்கும் ஏ.பி. தரும்.

கார்முகில்:

நெடுஞ்சுடர் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. வரிசை மட்டும் முக்கியம். தாமதத்தோடு பழகினால் கை அந்தத் தாமதத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும், பிறகு அமைப்பை மாற்றும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரையும் ஒலியும் முதலில், பயிற்சி அதன் பிறகு.

இன்னொன்று. மிகவும் சோர்ந்துபோனால் 'ஸ்டோரி' நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எதிரியின் அடி குறையும், நேர இடைவெளியும் தாராளமாக இருக்கும். நடு ஆட்டத்தில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், திரும்பவும் வரலாம். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

யாழ்மொழி:

கம்பி ஹெட்போன், கேம் மோட், வார்ம் நிறம், மூன்றையும் செய்துவிட்டு லான்செலியேயிடம் போனேன். டாட்ஜில் பெர்ஃபெக்ட் வரிசையாக விழுகிறது. பிறகு பாரிக்கு மாறி முதல் எதிரடி விழுந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பவளத்தின் சிவப்பும் திரும்பிவிட்டது. குவாலிட்டி முறையை மாற்றவில்லை. நடப்பதற்கும் பார்ப்பதற்கும் அப்படியே இருக்கட்டும்.

இப்போது ஃப்ளையிங் வாட்டர்ஸின் பெரிய எதிரி கோப்லுவிடம் நிற்கிறேன். தடுப்பதெல்லாம் ஓரளவு வருகிறது. ஆனால் அது கேடயத்துக்கு மேல் கேடயமாகப் போட்டுக்கொள்கிறது, என் பெரிய அடியெல்லாம் வீணாகிறது. குஸ்தாவ், லூன், மாயெல் மூவரும் அணியில் இருக்கிறார்கள்.

நெடுஞ்சுடர்:

கேடயம் அடியின் பலத்தைப் பார்க்காது, எண்ணிக்கையைத்தான் பார்க்கும். ஓர் அடி எவ்வளவு பெரியதானாலும் ஒரு கேடயத்தோடு போய்விடும். எனவே சிறு அடிகளைப் பலமுறை தருகிற திறன்களை முன்னால் விடுங்கள். குஸ்தாவின் 'லுமியேர் அசால்ட்' 5 அடி தரும், அதுவே போதும். மிஞ்சும் ஒன்றிரண்டைக் குறிபார்த்துச் சுடும் முறையில் உடையுங்கள், குண்டு ஒன்றுக்கு ஓர் ஏ.பி. செலவு. கேடயம் எல்லாம் உதிர்ந்ததும் லூனின் மந்திரத்தையும் மாயெலின் வாளையும் இறக்குங்கள். ஏ.பி. தீர்ந்துவிட்டால் சாதாரண அடி அடியுங்கள், ஒன்று திரும்பக் கிடைக்கும்.

தும்பி:

ஒரு சிறு சேர்க்கை. எதிரி அடிக்கும்போது சில சமயம் திரையில் ஒரு தனிக் குறி மின்னும். அதற்கு பாரியும் வேண்டாம், டாட்ஜும் வேண்டாம். குதிக்கும் பொத்தானை அழுத்துங்கள்.