வட தைவானில் ஒரு நாள்: ஜியூஃபென் வேண்டுமா, கீலுங் போதுமா?

ஊர்சுற்றி: டிசம்பரில் தைப்பே போகிறோம். ஒரு நாளை வடக்குக் கரைக்கு ஒதுக்கியிருக்கிறேன். காலையில் யேலியூ கடற்கரைப் பாறைகள், மாலையில் ஜியூஃபென் மலையூர், இரவு கீலுங் துறைமுக நகரின் இரவுச் சந்தை. அம்மாவும் வருகிறார், 68 வயது, சுத்த சைவம். ஒரே நாளில் தாங்குமா?

ரயில்பைத்தியம்: தாங்காது. ஜியூஃபெனை வெட்டிவிடுங்கள். வரைபடத்தைப் பாருங்கள்: கீலுங் நடுவில், யேலியூ வடமேற்கே, ஜியூஃபென் கிழக்கே. கிழக்கே போய் மலையேறிவிட்டு மறுபடி கீலுங் திரும்புவது வீண் அலைச்சல். தைப்பேயிலிருந்து நேரடிப் பேருந்தில் யேலியூ, மதியத்துக்கு மேல் உள்ளூர்ப் பேருந்தில் கீலுங், இரவு ரயிலில் தைப்பே. முக்கால் மணி நேரம் போலத்தான் ஆகும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே துறைமுகம், கப்பல்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் தியென்ஜி கோயில். அதைச் சுற்றித்தான் மியாவ்கோவ் சந்தை. வரிசையாக மஞ்சள் விளக்குகள், கடைக்குக் கடை எண் பலகை.

தேநீர்க்கோப்பை: ஜியூஃபென் பார்க்காமல் வடக்குக் கரை பார்த்தேன் என்று யாரிடம் சொல்வது? 1890களில் தங்கம் கிடைத்து வளர்ந்த ஊர், 1971இல் சுரங்கம் மூடியதும் ஓய்ந்துபோய், பிறகு பயணிகளால் பிழைத்தது. இருட்டும் நேரத்தில் சிவப்பு விளக்குகள் எரியும்போது தேநீர்க் கடையில் உட்கார்ந்து கீழே கடலைப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள். இரவுச் சந்தைக்குக் கீலுங்தான் வேண்டுமா? ஜியூஃபெனுக்குக் கீழே ருய்ஃபாங் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் தைப்பேயின் சொங்ஷான் ஸ்டேஷன். அதன் பக்கத்திலேயே ராவ்ஹே இரவுச் சந்தை. அங்கிருந்து ஹோட்டலும் பக்கம்.

ரயில்பைத்தியம்: அந்தத் தேநீர்க் கடைக்குப் போகும் படிகளைச் சொல்லவில்லையே! சனி, ஞாயிறு என்றால் முன்னால் போகிறவரின் முதுகுதான் காட்சி. தவிர, அது மலையூர். கடலைப் பார்க்கலாம், கரை கிடையாது. கீலுங் மீன் பிடித்து அதைத் தின்னும் ஊர்.

தேநீர்க்கோப்பை: அதைத்தான் நானும் சொல்கிறேன். சைவம் சாப்பிடுகிறவரை நண்டும் கணவாயும் அடுக்கிய சந்தைக்குக் கூட்டிப்போகிறீர்கள். அங்கே தெம்பூரா என்று பொரித்துத் தருவதுகூட மீன் விழுதுதான். ஜியூஃபெனில் சேம்பு உருண்டை இருக்கிறது, சர்க்கரைப் பாகில் பயறோடு, சூடாகவோ ஐஸ் போட்டோ. அம்மா நிம்மதியாகச் சாப்பிடுவார்.

பருப்புசாதம்: நடுவில் ஒரு வார்த்தை. ராவ்ஹேயும் சைவக் கோட்டை இல்லை. அதன் வாசலில் வரிசை நிற்கும் மிளகு பன்னுக்குள் இருப்பது பன்றிக்கறி. தைவானில் பௌத்த சைவக் கடைகள் ஏராளம், வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. பலகையில் 'ஸூ' (素) என்ற சீன எழுத்தைத் தேடுங்கள். சில கடைகளில் முட்டை, பால் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அப்படி ஒரு சைவக் கடையில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு, சந்தையில் பொரித்த சர்க்கரைவள்ளி உருண்டை வாங்கிக்கொடுங்கள். எண்ணெய் எது என்று மட்டும் பாருங்கள்.

ரயில்பைத்தியம்: நல்ல யோசனை. மழையையும் யோசியுங்கள். டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று நேராக மோதுவது அந்தக் கரையில்தான். கீலுங்குக்கு மழைத் துறைமுகம் என்றே பெயர். ஈரப் படியில் வயதானவர் ஏன் ஏற வேண்டும்?

தேநீர்க்கோப்பை: மழை யேலியூவில் மட்டும் பெய்யாதா? அங்கே ஒதுங்க மரம்கூட இல்லை, வெறும் பாறை முனை. மேலடுக்கு கெட்டி, அடியில் மென்மை. அலையும் காற்றும் அடியை அரித்து அரித்துக் காளான் மாதிரி ஆக்கி வைத்திருக்கின்றன. 'ராணித் தலை' பாறையின் கழுத்து வருஷா வருஷம் மெலிகிறது. அதற்காக யேலியூ போகாதே என்பீர்களா? எப்படியும் அதைக் காலையிலேயே முடியுங்கள், பொதுவாக மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள்.

ஊர்சுற்றி: இரண்டு பேர் சொன்னதையும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "கோயில் வாசலில் மீன் விற்கிற ஊரா?" என்று முகத்தைச் சுளித்தார். அப்புறம் ஜியூஃபெனில் எத்தனை படி என்று கேட்டார்.

தேநீர்க்கோப்பை: அதை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் என் கட்சி தோற்றுவிடும்.