‘கேபிள் கூரை’க்குத் தமிழ்ச்சொல் தேவை: வெள்ளிக்கிழமைக்குள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து, கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால், திருவிழா அண்டாக்களும் பந்தல் சாமான்களும் நாற்காலிகளும் வைப்பதற்காக 24 அடி அகலமும் 40 அடி நீளமும் உள்ள ஒரு கிடங்கைக் கட்டவிருக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் ஒரு மூத்த தச்சரிடம் தொழில் பழகிக்கொண்டே அதைக் கட்டுவார்கள். அவர்களுக்கான கையேட்டைத் தமிழாக்கும் பொறுப்பு என்னுடையது. வரும் வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போகவேண்டும்.

இரு பக்கமும் சரிந்து நடு முகட்டில் கூடும் கூரையையும், அதன் இரு முனைகளிலும் முக்கோணமாக எழும் சுவரையும் ஆங்கிலம் ஏறக்குறைய ஒரே சொல்லால் (gable) குறிக்கிறது. முதல் படியில் நான் அதை ஒலிபெயர்த்துக் ‘கேபிள் கூரை’ என்று எழுதினேன். வகுப்பில் ஒரு மாணவன், “இந்தக் கூரையைக் கம்பி கட்டித் தொங்கவிடுவதா, சார்?” என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. gable, cable ஆகியவற்றின் முதல் ஒலிகள் இரண்டுக்கும் நம் ககரம் ஒரே எழுத்து என்பதால், கூரையும் மின்கம்பியும் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே இந்த இடத்தில் ஒலிபெயர்ப்பு உதவாது. முகடு, கைமரம் (முகட்டிலிருந்து சுவருக்குச் சரியும் மரம்), வரிச்சு (கைமரங்களின்மேல் குறுக்கே அடிக்கும் சட்டம்), இறவாணம் (சுவருக்கு வெளியே நீளும் கூரை ஓரம்) ஆகியவற்றுக்குச் சிக்கலில்லை. கூரைக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று என இரண்டு சொற்களே வேண்டும்.

தைப்பிங்கிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மொழிபெயர்ப்பாளருக்கு வாழ்த்துகள். ‘முகட்டுக் கூரை’ என்று எழுதுங்கள். புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை. கூரை என்னும் சொல்லே ‘கூர்’ என்பதன் வழி வந்தது என்பது என் நெடுநாள் கருத்து. உச்சியில் கூர்ந்து நிற்பதே கூரை. தட்டையாக இருப்பது தளம். அவ்வாறாயின், முகட்டில் கூடும் இந்த வடிவமே தமிழன் முதலில் ‘கூரை’ என்று அழைத்ததாக இருக்கவேண்டும். முகம், முகப்பு, முகடு ஆகிய மூன்றும் முன்னால் அல்லது மேலே துருத்தி நிற்பதைச் சுட்டும் ஓரினச் சொற்கள் என்றும் கருதுகிறேன். பெரும்பாணாற்றுப்படை எயினர் என்னும் வேட்டுவரின் குடிலை ‘ஈத்திலை வேய்ந்த எய்ப்புறக் குரம்பை’ என்கிறது. ஈந்தின் ஓலை வேய்ந்து, முள்ளம்பன்றியின் முதுகைப்போல் எழுந்து நின்ற குடில் அது. நம் முன்னோர் மலாயாவுக்கு வந்தபோது நீப்பா ஓலையால் வேய்ந்த அத்தாப்புக் கூரைகளைக் கண்டு அந்நியமாக உணர்ந்திருக்க மாட்டார்கள். அந்த முதுகுக்குப் பெயர் முகடு. இன்றும் வேலையற்று இருப்பவனை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்கிறோமே, அந்த மோடும் இதுவே.

ஈப்போவிலிருந்து, கட்டடப் பொறியாளர்:

ஐயாவின் சொல்லாராய்ச்சியை மதிக்கிறேன். ஆனால் ‘முகட்டுக் கூரை’ இங்கே பொருந்தாது. நான்கு பக்கமும் சரியும் கூரைக்கும் நீள்சதுரக் கட்டடத்தில் நடுவே ஒரு குட்டை முகடு உண்டு. ஆகவே அந்தப் பெயர் இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை. தச்சு வேலையில் இந்தப் பிரிவு மிக முக்கியம், ஏனெனில் வெட்டவேண்டிய மரங்களே வேறு. இருபக்கக் கூரையில் கைமரங்கள் எல்லாம் ஒரே நீளம். கிடங்கின் அகலம் 24 அடி என்றால் பாதி 12 அடி. முகடு சுவர்மட்டத்திலிருந்து 4 அடி உயர்ந்தால் ஒவ்வொரு கைமரமும் ஏறக்குறைய 12 அடி 8 அங்குலம். இறவாணத்துக்கு நீட்டுவது தனி. ஒன்றை அளந்து வெட்டி அதையே அச்சாக வைத்து மற்றவற்றை வெட்டலாம். நான்கு பக்கக் கூரையில் மூலைக்குப் போகப்போக நீளம் குறைந்துகொண்டே வரும்.

எனவே என் பரிந்துரை ‘இருசாய்ப்புக் கூரை’. இன்னொன்றும் சொல்லவேண்டும். சரிந்து நிற்கும் கைமரங்கள் பாரம் ஏறும்போது தம் அடிமுனைகளால் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளும். எதிரெதிர்ச் சுவர்களை இணைக்கும் குறுக்கு விட்டம் அந்தத் தள்ளுதலைத் தாங்கி இழுத்துப் பிடிக்கிறது. இடத்தை அடைக்கிறது என்று அதை அறுத்துவிட்டுச் சில ஆண்டுகளில் முகடு தொங்கிப்போன ஒரு ஸ்டோரை நானே பார்த்திருக்கிறேன். கையேட்டில் அந்த விட்டத்துக்கு ‘இழுவிட்டம்’ என்று பெயர் வைத்தால், அது செய்யும் வேலை பெயரிலேயே பிள்ளைகளுக்கு விளங்கும்.

தைப்பிங் ஆசிரியர்:

‘இழுவிட்டம்’ நல்ல வினைத்தொகை, மனமார ஏற்கிறேன். ‘இருசாய்ப்பு’ என்பதை மட்டும் ஏற்க இயலாது. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் பின்புறம் சமையலுக்காக ஒருபக்கமாக இறக்கினோமே, அதுதான் எங்கள் வழக்கில் சாய்ப்பு. இருசாய்ப்பு என்றால், ஒரு வீட்டின் இருபுறமும் ஒட்டி இறக்கிய இரண்டு சாய்ப்புகள் என்றே கேட்பவர் எண்ணுவார். தவிரவும், எண்ணிக்கையால் பெயரிடுவது கணக்கர் வேலை. பொருளின் இயல்பால் பெயரிடுவதே தமிழ் மரபு.

சிரம்பானிலிருந்து, யாழ்ப்பாண வேர்கொண்ட வாசகர்:

எங்கள் பாட்டனார் முகட்டில் ஓடும் மரத்தை ‘முகட்டு வளை’ என்றும் ஓடு பதியும் மெல்லிய சட்டங்களைச் ‘சிலாகை’ என்றும் சொல்வார். இவற்றையும் அடிக்குறிப்பில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். முக்கோணச் சுவருக்கு மலாய்க்காரர்கள் ‘தெபார் லாயார்’ என்பார்கள். லாயார் என்றால் கப்பற்பாய். அதனால் ‘பாய்ச்சுவர்’ என்று சொல்லலாமா?

ஈப்போ பொறியாளர்:

பாய் என்றால் நம் பிள்ளைகளுக்குப் படுக்கும் பாய்தான் நினைவுக்கு வரும். ஆனால் மலாயிலிருந்து ஒன்றைக் கற்கலாம். அவர்கள் சுவரைத் தெபார் லாயார் என்றும், இக்கூரையைப் ‘பும்போங் பாஞ்சாங்’ அதாவது நீள்கூரை என்றும் தனித்தனியே அழைக்கிறார்கள். நான்கு பக்கம் சரியும் கூரைக்கு ‘பும்போங் லீமா’ என்று பெயர். நடு முகடு ஒன்று, மூலைகளுக்கு இறங்கும் முகடுகள் நான்கு, ஆக ஐந்து. எனவே எண்ணிப் பெயரிடுவது தச்சருக்கு அந்நியமானதன்று, ஐயா.

சாய்ப்பு குறித்த தங்கள் தடை நியாயமானது. அதை விட்டுவிடுகிறேன். ‘இருசரிவுக் கூரை’ என்போம். ஒருசரிவு, இருசரிவு, நாற்சரிவு என்று வரிசையாக அமையும். கற்பவனுக்கு மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

சுங்கை சிப்புட் மொழிபெயர்ப்பாளர்:

நேற்று மாலை பிள்ளைகளிடமே கேட்டேன். “ரெண்டு பக்கமும் எறக்குன கூரை” என்றார்கள். அதைச் செந்தமிழாக்கி ‘ஈரிறக்கக் கூரை’ என்று பலகையில் எழுதினேன். உயிருக்கு முன் இரண்டு என்பது ஈர் ஆகும் விதி சரியாகவே அமைந்தது. ஆயினும் ஒருவன் ஈரம் படிந்த கூரை என்றும் மற்றொருவன் இரக்கம் என்றும் படித்தான். மழை ஒழுகாதிருக்கக் கட்டும் கூரைக்கு ஈரத்தை நினைவூட்டும் பெயர் ஆகாது. ‘இருசரிவு’ என்று எழுதியபோது எவரும் விளக்கம் கேட்கவில்லை.

சுவருக்கு ‘நெற்றிச்சுவர்’ என்று எழுத நினைக்கிறேன். எங்கள் கிடங்கில் தகரக் கூரையின் கீழ்ச் சேரும் வெப்பக்காற்று வெளியேற, முகட்டையொட்டி அந்தச் சுவரில்தான் மரச்சட்டக் காற்றுவழி வைக்கிறோம். படத்தில் அந்த இடத்தைக் காட்டி ‘நெற்றி’ என்றவுடன் எல்லோரும் சரியாகத் தொட்டுக் காட்டினார்கள்.

தைப்பிங் ஆசிரியர்:

நெற்றி முன்புறத்துக்கு உரியது. பின்பக்கச் சுவரை எப்படி நெற்றி என்பீர்கள்? பிடரிச்சுவர் என்பீர்களா? ‘முகட்டுச்சுவர்’ என்றால் இரு முனைகளுக்கும் பொருந்துமே.

சிரம்பான் வாசகர்:

முகட்டுச்சுவர் என்றால் முகட்டுக்கு நேர்கீழே நீளவாட்டில் ஓடும் நடுச்சுவர் என்று நான் முதலில் எண்ணினேன். என் வாக்கு நெற்றிச்சுவருக்கு.

சுங்கை சிப்புட் மொழிபெயர்ப்பாளர்:

குழுவில் மொத்தம் எட்டுப் பேர் எழுதியதில் ஆறு பேர் ‘இருசரிவுக் கூரை’க்கும் ஐந்து பேர் ‘நெற்றிச்சுவரு’க்கும் இசைந்திருக்கிறார்கள். அச்சகத்தாருக்கு இந்த இரண்டையும் அனுப்புகிறேன். ஆசிரியர் ஐயாவின் ‘முகட்டுச்சுவர்’ அடிக்குறிப்பில் இடம்பெறும், சிலாகையும் அப்படியே.

இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. கைமரம் சுவர்ச்சட்டத்தின்மேல் நழுவாமல் உட்காருவதற்காக அதன் அடிப்பக்கத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு விடுவோம். மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழமாக வெட்டக்கூடாது என்பது தச்சர் திரும்பத்திரும்பச் சொல்லும் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் பறவையின் வாய் என்கிறார்கள். நான் ‘அமர்வெட்டு’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் நாளை மாலைக்குள் தெரிவியுங்கள்.

தைப்பிங் ஆசிரியர்:

மறுப்பு உண்டு. இரவு விரிவாக எழுதுகிறேன். நெற்றிச்சுவரையும் நான் இன்னும் ஏற்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.