4 வயசுப் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்க வரல. வராந்தா அளவு இடத்துல என்ன செய்யலாம்?

குலசேகரம்_எல்கேஜி:
எல்கேஜி, யுகேஜி சேர்த்து 24 பிள்ளைகள். வயசு 4 முதல் 5½ வரை. பந்தைப் போட்டா பாதிப் பேர் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கிறாங்க, மீதிப் பேர் நெஞ்சோட அணைச்சுப் பிடிக்கப் பாக்குறாங்க. எறியச் சொன்னா வலது கையும் வலது காலும் சேர்ந்தே முன்னால போகுது. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிட்டா 3 மீட்டர் அகல வராந்தாதான் கதி. கையில இருக்கிறது 2 டென்னிஸ் பந்து, ஒரு ஃபுட்பால், கொஞ்சம் தும்புக்கயிறு. தினமும் 30 நிமிஷம் கிடைக்கும்.

பிடி_சார்_நாகர்கோவில்:
டீச்சர், அந்தப் பந்துகளை முதல்ல அலமாரியில வையுங்க. டென்னிஸ் பந்து இந்த வயசுக்குச் சின்னது, வேகமும் கூடுதல். ஃபுட்பால் மூக்குல ஒரு தடவை பட்டா அப்புறம் எந்தப் பந்தைக் கண்டாலும் முகம் திரும்பும். நெஞ்சோட அணைக்கிறது தப்பில்ல, கையால மட்டும் பிடிக்கிறதுக்கு முந்தின படி அது.

20 செ.மீ. அளவு லேசான பிளாஸ்டிக் பந்து வாங்கி, அமுக்கினா விரல் பதியுற மாதிரி கொஞ்சம் காத்தை இறக்குங்க. முழுக் காத்து இருந்தா கையில பட்டுத் தெறிச்சுப் போயிரும். சுவர் மஞ்சள்னா மஞ்சள் பந்து வேண்டாம், கண்ணுக்குப் பிடிபடாது.

முதல்ல காலை விரிச்சு உக்காந்து உருட்டிப் பிடிக்கட்டும். அடுத்து தரையில ஒரு தட்டுத் தட்டி எழும்புறதைப் பிடிக்கிறது. கடைசியாத்தான் மேல போடுறது, அதுவும் ஒரு மீட்டர் தூரத்துல, கைக்குக் கீழிருந்து, வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல வர்ற மாதிரி. "பிடி, பிடி"ன்னு கத்தாதீங்க. பந்து வர்றதுக்கு முன்னாலேயே கை மூடிரும். "பந்தையே பாரு" போதும்.

வரிசை கட்டி நிறுத்தவே கூடாது. ஒரு பந்துக்கு 24 பேர்னா 30 நிமிஷத்துல ஆளுக்கு ஒண்ணேகால் நிமிஷம்தான். 3-4 வயசுக்கு ஒரு நாளைக்கு 180 நிமிஷ அசைவு, அதுல 60 நிமிஷம் மூச்சு வாங்க ஓடி ஆடுறதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொல்லியிருக்கு. ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு 12 பந்து வேணும். பழைய சாக்ஸுக்குள்ள கந்தல் துணியைத் திணிச்சுக் கட்டினா எறியப் பழகுறதுக்கு ஆளுக்கொண்ணு தேறும். அது உருண்டு ஓடாது.

எறிபந்து:
எறியுறதுக்குக் குறி வைக்கச் சொல்லாதீங்க, அதுதான் பெரும்பாலும் தப்பாப் போற இடம். பக்கத்துல சின்ன வட்டம் போட்டுக் கொடுத்தா பிள்ளை உடம்பைத் திருப்பாம முழங்கையை மட்டும் ஆட்டி எறியும். வராந்தாக் கோடியில ஒரு பழைய தகரத்தைச் சாச்சு வச்சு (விளிம்பு கையைக் கிழிக்காம மடக்கிருங்க) 4 மீட்டர் தள்ளி நின்னு சத்தம் வர எறியச் சொல்லுங்க. "டங்"னு கேக்கணும்னா தோள் தன்னால திரும்பும்.

காலுக்கு: வலது கைப்பழக்கம் உள்ள பிள்ளை இடது தோளைத் தகரத்துப் பக்கம் காட்டி நிக்கணும். இடது கணுக்கால்ல ஒரு ரிப்பன். "ரிப்பன் காலை எடுத்து வை, எறி." இடதுகைப் பிள்ளைக்கு ரிப்பன் வலது கால்ல. அந்தப் பிள்ளையைக் கை மாத்தச் சொல்லவே வேண்டாம்.

குலசேகரம்_எல்கேஜி:
நன்றி சார். தும்புக்கயிறை எதுக்குப் பயன்படுத்தலாம்? பாண்டி ஆட வச்சா பாதிக் கட்டத்துலயே விழுறாங்க.

பிசியோ_தக்கலை:
4 வயசுல ஒத்தக்கால்ல 5 விநாடி நின்னாலே போதும் டீச்சர். முதல்ல கயிறை வளைச்சுத் தரையில போட்டு அது மேல நடக்கட்டும், பார்வை எதிர்ச் சுவர்ல. அடுத்து கயிறைத் தாண்டி ரெண்டு காலும் சேர்த்துக் குதிச்சு, முட்டியை மடக்கிச் சத்தமில்லாம இறங்கணும். பாண்டி அதுக்கப்புறம். தொடக்கத்துல சில்லு வேண்டாம், ஒத்தக்கால்ல நின்னு குனியுறது தனி வித்தை. நனைஞ்ச சிமெண்டுல சாக்ஸோட குதிக்க விடாதீங்க, துவர்த்தால துடைச்சு வெறுங்கால்லதான்.

தரையிலிருந்து எழும்பும்போது தொடையில கையை ஊன்றி ஏறுற பிள்ளை, ஒரு பக்கக் கையை மட்டுமே நீட்டுற பிள்ளை, முன்னால செஞ்சதை இப்போ செய்ய முடியாத பிள்ளை இருந்தா, பயிற்சியில சரியாகும்னு காத்திருக்க வேண்டாம். உடனே குழந்தை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. பந்தைப் பாக்கத் தலையைச் சாய்க்கிற பிள்ளைக்குக் கண் பரிசோதனை.

எறிபந்து:
5½ வயசுக்காரங்களுக்குச் சிரட்டை நடை, அதாவது கவுத்தின தேங்காய்ச் சிரட்டை மேல ஏறிக் கயிறைப் பிடிச்சு நடக்கிறது, வைக்கலாம். ரெண்டு தேங்காயிலயும் கண் உள்ள பாதியை எடுங்க, துளை போடுற வேலை மிச்சம். கண்ணு வழியாத் தும்புக்கயிறை விட்டு உள்பக்கம் முடிச்சுப் போட்டு, கவுத்தி வைக்கணும். கயிறு பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல வந்து இடுப்பு உயரத்துல கையில நிக்கணும். நீளம் கூடினா கயிறு தளர்ந்து சிரட்டை காலை விட்டு நழுவும். மண் தரையில மட்டும்.