ஊழியர்களின் சொந்த போனில் எம்டிஎம் (ஆபீஸிலிருந்தே போனைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட்வேர்) போடலாமா? (38 பேர், கம்பெனி போனும் சொந்த போனும் கலந்து)

மாசிவீதி_கணக்கர் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. மதுரையில் மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்பதால் ஐடி வேலையும் என் தலையில்தான். கடை கடையாக ஆர்டர் எடுக்க லைனுக்குப் போகிற பையன்கள் 38 பேர். அதில் 22 பேருக்குக் கம்பெனியே ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறது, 16 பேர் சொந்த போனில் வேலை பார்க்கிறார்கள், அந்தப் பதினாறில் மூன்று ஐபோன். எல்லாவற்றிலும் ஆர்டர் ஆப், கம்பெனி மெயில், விலைப்பட்டியல், எந்தக் கடை எவ்வளவு பாக்கி என்கிற ஷீட் எல்லாம் இருக்கிறது.

போன மாதம் ஒருவர் வேலையை விட்டுப் போனார், சொந்த போன்காரர். பத்து நாள் கழித்து ஏதோ தேடப் போய் மெயில் லாகின் பட்டியலைப் பார்த்தால் அவர் போன் இன்னும் உள்ளேயே இருக்கிறது, பாக்கி ஷீட்டையும் முந்தின நாள் திறந்திருக்கிறார். பாஸ்வேர்டை உடனே மாற்றிவிட்டேன், ஆனால் அவர் போனில் ஏற்கெனவே இறங்கிய ஃபைலை நான் என்ன செய்ய முடியும்? முதலாளி கொதித்துப் போய், "எல்லார் போன்லயும் அந்த சாஃப்ட்வேரைப் போட்டுடு, யாராவது நின்னா மொத்தமா அழிச்சிடலாம்" என்கிறார். பையன்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவர் நேராக என் மேஜைக்கே வந்து, "சார், என் வீட்டுக்காரம்மா அனுப்புற மெசேஜ் எல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எதைப் போடுவது, எப்படிப் போடுவது, யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர்_வாசி:

பல வருடமாக இதே வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். எந்த சாஃப்ட்வேர் என்பது அப்புறம். முதலில் போன் யாருடையது என்று இரண்டாகப் பிரியுங்கள், ஏனென்றால் ஆண்ட்ராய்டே இதை இரண்டு விதமாகத்தான் வைத்திருக்கிறது.

சொந்த போனுக்கு ஒர்க் புரொஃபைல். 2014-இல் ஆண்ட்ராய்டு 5-உடன் வந்தது. ஒரே போனுக்குள் தனியாக ஒரு அறை கட்டிப் பூட்டியது மாதிரி. கம்பெனி ஆப் எல்லாம் அந்த அறைக்குள் இருக்கும், ஐகானில் சின்னதாக ஒரு பெட்டிச் சின்னம் தெரியும். உள்ளே இருக்கும் ஷீட்டிலிருந்து காப்பி செய்து வெளியே வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாதபடி செய்யலாம், ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த அறைக்குள் மட்டும் தடுக்கலாம். ஆள் வேலையை விட்டால் நீங்கள் அந்த அறையை மட்டும் இடிக்கிறீர்கள், அவ்வளவுதான். வெளியே இருக்கும் போட்டோ, மெசேஜ், கால் பட்டியல் எதையும் உங்களால் பார்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அதனால் அந்தப் பையனிடம் தைரியமாகச் சொல்லுங்கள், "உன் வீட்டு மெசேஜ் எனக்குத் தெரியாது, நான் நினைத்தாலும் பார்க்க முடியாது" என்று. ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த புரொஃபைலை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம், ஆபீஸ் நோட்டிஃபிகேஷன் ஒன்றும் வராது.

கம்பெனி போன் 22-க்கும் முழுக் கட்டுப்பாடு போடலாம். ஆனால் அதற்கு போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, புது போன் மாதிரி ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். "வெல்கம்" திரையில் ஒரே இடத்தில் ஆறு தடவை தட்டினால் க்யூஆர் ஸ்கேனர் திறக்கும், எம்டிஎம் தரும் க்யூஆர் படத்தைக் காட்டினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற போனில் ஆப்பை மட்டும் இறக்கி முழுக் கட்டுப்பாட்டைக் கொண்டு வர முடியாது. இது தெரியாமல் ஆரம்பித்துப் பாதியில் திண்டாடுகிறவர்கள் நிறைய. 22 போனையும் ஒரே நாளில் வாங்காதீர்கள், லைன் நின்றுவிடும்.

வைகைக்கரை:

முதலாளியின் "மொத்தமா அழிச்சிடலாம்" என்பதை எப்படியாவது நிறுத்துங்கள் சார். நான் முன்பு இருந்த கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அது பழைய காலத்து டிவைஸ் அட்மின் முறை, சொந்த போனிலும் மெயில் வைக்க வேண்டுமென்றால் "எல்லாத் தரவையும் அழிக்க அனுமதி" என்று ஒரு திரை வரும், எல்லோரும் படிக்காமல் ஓகே கொடுத்துவிடுவோம். என்னோடு இருந்த அண்ணன் ஒருவர் ராஜினாமா கொடுத்தார். கடைசி நாள் மாலை அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது போன் அணைந்து, திரும்ப வரும்போது மொழி தேர்ந்தெடுக்கச் சொல்லி நின்றது. அட்மின் வேண்டுமென்று செய்யவில்லை, பட்டியலில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பட்டனில் தவறானதை அழுத்திவிட்டார். மகளுக்குக் காது குத்தின விசேஷத்தில் எடுத்த படம் எல்லாம் அந்த போனில்தான் இருந்தது, வேறெங்கும் பேக்கப் இல்லை. மறுநாள் ஆபீஸுக்கு வந்து அந்த போனை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு இன்றைக்கும் அந்த முகம் மறக்கவில்லை.

அதனால் சொந்த போனில் முழு அழிப்பு என்கிற வசதியே இல்லாத முறையைத்தான் போட வேண்டும். பட்டன் இருந்தால் என்றாவது ஒருநாள் யாராவது அழுத்துவார்கள்.

கோவை_நெட்வொர்க்:

மேலே ரெண்டு பேர் சொன்னதும் சரி. செலவு பற்றி நான் சொல்கிறேன். சென்னை சோஹோவின் மேனேஜ்எஞ்சின் எம்டிஎம்மில் 25 கருவி வரை இலவசம், அதனால் கம்பெனி போன் 22-ஐ அதில் ஏற்றி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், கை பழகிவிடும். நீங்கள் மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் வைத்திருந்தால் மைக்ரோசாஃப்டின் எம்டிஎம்மான இன்ட்யூன் அதிலேயே சேர்ந்து வருகிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். இன்ட்யூனில் இன்னொரு வழியும் உண்டு: போனையே எம்டிஎம்மில் சேர்க்காமல் அவுட்லுக், எக்ஸெல் ஆப்களுக்கு மட்டும் பூட்டுப் போடலாம், ஆள் போனால் அந்த ஆப்களுக்குள் இருக்கும் கம்பெனித் தரவை மட்டும் துடைக்கலாம். சொந்த ஐபோன் மூன்றுக்கும் நான் இதைத்தான் செய்வேன்.

ஆனால் உங்கள் ஆர்டர் ஆப் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்றால் இந்தப் பூட்டு பொதுவாக அதற்குப் பொருந்தாது, ஆண்ட்ராய்டில் ஒர்க் புரொஃபைல்தான் வழி. ரேம் குறைந்த மலிவு போன் சிலவற்றில் ஒர்க் புரொஃபைல் வராது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், பதினாறில் ஒன்றிரண்டு அப்படி மாட்டும். அவர்களுக்குக் கம்பெனி போன் கொடுத்துவிடுவதுதான் நியாயம்.

பின்னால் ஐபோன்களை எம்டிஎம்மிலேயே சேர்ப்பதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். எம்டிஎம் ஐபோனோடு பேசுவதற்காக ஆப்பிளிடம் வாங்கும் புஷ் சான்றிதழ் ஒரு வருடம்தான், அதே ஆப்பிள் ஐடியில்தான் புதுப்பிக்க வேண்டும். யாரோ ஒரு பையன் தன் சொந்த ஐடியில் எடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனால், எல்லா ஐபோனையும் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். கம்பெனி பெயரில் ஒரு ஐடி திறந்து, பாஸ்வேர்டை எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

மாசிவீதி_கணக்கர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காதுகுத்துப் படம் விஷயத்தை முதலாளியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, சொந்த போன்ல அறை மட்டும்" என்றார். இரண்டு சந்தேகம் பாக்கி. கம்பெனி போன் தொலைந்தால் உடனே அழித்துவிட முடியுமா? அப்புறம், லைனில் எங்கே இருக்கிறார்கள் என்று ஜிபிஎஸ் பார்க்கலாமா என்று கேட்கிறார்.

ஓஎம்ஆர்_வாசி:

போன் நெட்டில் இருந்தால்தான் அழிக்கும் கட்டளை போய்ச் சேரும். திருடியவன் சிம்மைக் கழற்றி அணைத்துவிட்டால் கட்டளை காத்துக்கொண்டே நிற்கும். அதனால் அழிப்பை மட்டும் நம்பாமல் ஆறு இலக்கப் பின்னைக் கட்டாயமாக்குங்கள், இன்றைய ஆண்ட்ராய்டு போன் எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான் (உள்ளே இருக்கும் தரவு படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு) வருகிறது, பின் இல்லாமல் உள்ளே இருக்கும் ஷீட்டை எடுப்பது மிகவும் கடினம். ரீசெட் செய்தபிறகு கம்பெனி கூகுள் கணக்கு இல்லாமல் போன் திறக்காதபடியும் எம்டிஎம்மில் ஒரு அமைப்பு உண்டு, அதையும் போட்டுவிடுங்கள்.

ஜிபிஎஸ்ஸைக் கம்பெனி போனில் மட்டும், காலை லைன் ஆரம்பிப்பதிலிருந்து மாலை முடிகிறவரை வையுங்கள். சொந்த போனில் வேண்டவே வேண்டாம். அந்த அறைக்குள் இருக்கும் ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுத்தால் ஆள் நிற்கும் இடம் தெரியத்தான் செய்யும், அப்புறம் நீங்கள் அந்தப் பையனிடம் கொடுத்த வாக்கு என்ன ஆகும்? கம்பெனி போனிலும் சொல்லாமல் வைக்காதீர்கள். எதைப் பார்ப்போம், எதைப் பார்க்க மாட்டோம், வேலையை விட்டால் எதை அழிப்போம் என்று தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி, 38 பேரிடமும் படிக்கக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அந்தக் காகிதம் கையில் இருப்பது நல்லது.

முதல் சொந்த போனாக, உங்கள் மேஜைக்கு வந்து கேட்டாரே, அவர் போனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஒர்க் புரொஃபைலைப் போட்டு, உங்கள் திரையில் என்ன தெரிகிறது என்று அவருக்குத் திருப்பிக் காட்டுங்கள். மீதி பதினைந்து பேருக்கு அவரே சொல்லிவிடுவார்.