அம்மாவோட கோல நோட்டைத் தொறந்தாலே அழுகை வருது, வரைஞ்சா மனசு லேசாகுமா?

மார்கழிப்பனி:
அம்மா போய் அஞ்சு மாசம் ஆச்சுங்க. வருஷம் திரும்பற வரைக்கும் வாசல்ல கோலம் வேண்டாம்னு வீட்ல சொல்லிட்டாங்க, தண்ணி மட்டும் தெளிச்சுட்டு உள்ள வந்துடுவேன், ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது. ராத்திரி தூக்கம் இல்ல. அம்மாவோட பழைய டைரி ஒண்ணு இருக்கு, பூரா சிக்குக் கோலம்தான், அதைப் பாத்து பேப்பர்ல போட்டுப் பாக்குறேன், பாதியிலயே அழுதுடறேன். இது நல்லதா, இல்ல புண்ணைக் கிளறிக்கறேனா? இன்னொண்ணு, அந்த 7-4 இடுக்குப் புள்ளிக் கோலம் எத்தனை தடவை போட்டாலும் கோடு வந்து சேரவே மாட்டேங்குது.

கறுப்பு க்ரேயான்:
அழட்டும் விடுங்க. எனக்கு வேலை போனப்ப பையனோட க்ரேயான் டப்பாவை எடுத்து சும்மா கிறுக்க ஆரம்பிச்சேன், ஒரு மாசம் கறுப்பைத் தவிர வேற கலரை கை எடுக்கவே இல்ல, அழுத்தி அழுத்தி பேப்பர் கிழிஞ்சிடும். யாருக்கும் காட்டல. காட்டாததுதான் எனக்கு உதவுச்சுன்னு நினைக்கிறேன், ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தா அடுத்த நாளே 'நல்லா வரணுமே'ங்கற கவலை வந்திருக்கும். அந்த மண்டலா கலரிங் புக்கும், வட்ட வட்டமா டிசைன் இருக்குமே அது, வாங்கினேன், எனக்கு ஒத்து வரல, ஹோம்வொர்க் மாதிரி இருந்துச்சு.

திண்ணை வாசகன்:
இது புதுசு ஒண்ணும் இல்லீங்க. 1938ல டிபி வந்து இங்கிலாந்துல சானடோரியத்துல கெடந்த ஏட்ரியன் ஹில்ங்கற ஓவியர், பொழுது போகாம வரைய ஆரம்பிச்சு அப்புறம் மத்த நோயாளிங்களையும் வரைய வெச்சாரு, 'ஆர்ட் தெரபி'ங்கற பேரே 1942ல அவரு சொன்னதுதான். 2016ல அமெரிக்காவுல ட்ரெக்ஸல் யுனிவர்சிட்டில 39 பேரை 45 நிமிஷம் களிமண்ணு, மார்க்கர்னு இஷ்டத்துக்கு செய்ய விட்டு எச்சில்ல கார்டிசால் அளந்தாங்க, அதாவது டென்ஷன் ஹார்மோன். முக்கால்வாசிப் பேருக்கு கொறைஞ்சிருக்கு, வரையத் தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு வித்தியாசம் இல்ல. ஆனா சின்ன ஆய்வு, வரையாம சும்மா உக்காந்திருந்தவங்களோட ஒப்பிட்டுப் பாக்கல, அதனால ரொம்பத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். ராத்திரி தூக்கம் இல்லைங்கறீங்களே, அதை மட்டும் கோலத்து மேல போட்டுடாதீங்க. டாக்டரைப் பாருங்க, இல்ல 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு மனநல ஹெல்ப்லைன், கவர்மெண்டோடது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

கும்பகோணத்துக்காரி:
எங்க வீட்ல காரியம் முடிஞ்சு கொஞ்ச நாள்லயே சின்னதா போட ஆரம்பிச்சுடுவோம், ஊருக்கு ஊரு மாறும், வீட்ல இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க. கோடு சேரலன்னா முதல்ல புள்ளியை எண்ணுங்கம்மா. 7-4னா நடுவுல 7, ரெண்டு பக்கமும் 6, 5, 4, மொத்தம் 37. தலைப்பைப் பாக்காதீங்க, அம்மா போட்ட படத்துல விரல் வெச்சு எண்ணுங்க.

மார்கழிப்பனி:
எண்ணினேன் அக்கா. நடுவுல 9 இருக்கு! மேல 7-4னு எழுதிட்டு 9-5 போட்டு வெச்சிருக்காங்க, கண்ணாடி போடாம எழுதியிருப்பாங்க, கண்ணாடி போடச் சொன்னா அவங்களுக்குக் கோவம் வரும். நான் வேற மூணு ராத்திரி 37 புள்ளி வெச்சு மல்லுக்கட்டிட்டு இருந்தேன். சிரிச்சு சிரிச்சு இவரு எழுந்து வந்துட்டாரு. நாளைக்கு அந்த நம்பருக்குப் பேசறேன். இப்ப 61 புள்ளி வெச்சாச்சு.