கடற்கரையில் மாதிரி விமானம் பழகலாமா?

பாக்நீரிணைக்காரர் (கேள்வி):
வணக்கம். தேவிபட்டினத்துக்கு அருகில் வசிக்கிறேன். 1.2 மீட்டர் சிறககலமும் (ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனி வரை) ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்ட, சிறகு உடலின் மேற்புறத்தில் அமைந்த ரேடியோவால் இயக்கும் ஃபோம் பயிற்சி விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். கணினியில் சிமுலேட்டரை வைத்துப் பழகி வருகிறேன். விமானம் என்னைவிட்டு விலகிச் செல்லும்வரை கை தடுமாறுவதில்லை. திரும்பி என்னை நோக்கி வரத் தொடங்கியதும் இடம் வலமாகிவிடுகிறது. சொல்லித்தர இப்பக்கத்தில் ஆள் இல்லை. விழுந்தாலும் மணல்தானே, கடற்கரையிலேயே தொடங்கலாம் என்று தம்பி சொல்கிறான். அது சரியாக இருக்குமா?

கண்மாய்க்கரை:
தம்பி சொல்வதில் பாதிதான் சரி. மணல் ஃபோமை உடைக்காது என்பது உண்மை. ஆனால் மோட்டாரின் காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையில் புகுந்த மணலை எடுப்பது பெரும்பாடு, உப்பு நீர் பட்ட ரிசீவரையோ (விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் கருவி) மறுபடி நம்ப முடியாது. அதைவிட முக்கியமானது காற்று. உங்கள் ஊரில் கடல் கிழக்கே இருக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்று, நீங்கள் திருப்பத்தில் சற்றுத் தயங்கினாலும் விமானத்தைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். இலேசான பயிற்சி விமானத்துக்கு அதை எதிர்த்துத் திரும்பி வரும் வேகம் இருக்காது. வாடைக் காலத்தில் அதே கரையில் விமானம் ஊர்ப்பக்கம் ஒதுங்கும். அங்கே வலைகளும் படகுகளும் ஆட்களும் இருப்பார்கள்.

கரையிலிருந்து உள்ளே தள்ளி, பங்குனி சித்திரையில் வற்றிக் கிடக்கும் கண்மாய் ஒன்றைத் தேடுங்கள். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. சீமைக்கருவேலம் மண்டிய கரையிலிருந்து நன்றாக விலகி, உட்பரப்பின் நடுவில் நில்லுங்கள். அந்த முள்ளில் சிக்கிய சிறகு சல்லடையாகத்தான் திரும்பும். ஊராரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஆடு மேய்கிற நேரத்தில் இறங்க வேண்டாம். விடிந்ததிலிருந்து கடற்காற்று எழும்வரை கிடைக்கும் அமைதியான நேரமே உங்களுக்கு உரியது. தென்னங்கீற்று விடாமல் அசையத் தொடங்கிவிட்டால் அன்றைக்குப் பெட்டியை மூடிவிடுவது நல்லது.

சிறகுப்பட்டறை:
இடம் வலமாவது எல்லோருக்கும் வருவதுதான். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. விமானம் உங்களை நோக்கி வரும்போது, உங்கள் பார்வையில் எந்தப் பக்கச் சிறகு தாழ்கிறதோ அந்தப் பக்கமாகவே கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கைத் தள்ளுங்கள். தாழ்ந்த சிறகுக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் சிறகு நிமிர்ந்துவிடும். சிமுலேட்டரில் இதை மட்டுமே தனியாகப் பழகுங்கள். மற்ற வித்தைகள் எதுவும் இப்போது தேவையில்லை.

புதிதாகச் சைக்கிள் ஓட்டுகிறவன் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பதைப் போல, பழகுகிறவர்கள் ஸ்டிக்கை விடாமல் அசைத்துக்கொண்டே இருப்பார்கள். மேற்சிறகு விமானம், சிறகுகள் நுனியை நோக்கிச் சற்று மேலெழுந்து அமைந்திருந்தால், ஸ்டிக்கை விட்டவுடன் பெரும்பாலும் தானே நேராகும். அதற்கு அவகாசம் கொடுங்கள். டிரான்ஸ்மிட்டரில் எக்ஸ்போ வசதி (ஸ்டிக்கின் சிறு அசைவுகளை மென்மையாக்குவது) இருந்தால் 30 சதவீதம் அளவில் வைத்தால் கையின் பதற்றம் விமானத்துக்கு அவ்வளவாகப் போய்ச் சேராது.

பறக்கவிடுமுன் பேட்டரியைப் பொருத்திய பிறகு, சிறகின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட இடத்தில், இரு பக்கமும் விரல்நுனியால் தாங்கித் தூக்கிப் பாருங்கள். கையேட்டில் புள்ளி குறித்திருந்தால் அதுவே சரியான இடம். மூக்கு இலேசாகத் தாழ்ந்து நின்றால் பறக்கவிடலாம். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளாமல் எறியவே கூடாது. எறிவதும் இறக்குவதும் காற்றை எதிர்த்தே. மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட் காட்டும். ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட் அளவுக்கு வருவதற்குள் இறக்கிவிடும்படி டைமர் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் அந்தப் பேட்டரியை விட்டுவைப்பது வினையை விலைக்கு வாங்குவதாகும்.

உச்சிப்புளிச் சாலை:
இருவரும் சட்டத்தைத் தொடவில்லை. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் ஆளில்லா வானூர்திகள் அனைத்தையும் பற்றியவை. நான்கு சுழலி கொண்டவற்றுக்கு மட்டுமானவை அல்ல. தேவிபட்டினம் அந்தத் தளத்திலிருந்து தள்ளித்தான் இருக்கிறது என்றாலும், தேர்ந்தெடுத்த கண்மாய் எந்த மண்டலத்தில் விழுகிறது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வான்வெளி வரைபடத்தில் பார்த்த பிறகே கிளம்புங்கள். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்திலும் 120 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ வகை. வணிக நோக்கமில்லாமல் அவற்றை இயக்க விமானிச் சான்றிதழ் வேண்டியதில்லை. பதிவு பற்றிய விதிகளையும் அங்கேயே படித்துக்கொள்ளுங்கள்.

பாக்நீரிணைக்காரர்:
மூவருக்கும் நன்றி. கடற்கரை யோசனையைக் கைவிட்டுவிட்டேன். முதல் நாளில் எவ்வளவு உயரத்தில் பழகுவது? தாழ்வாகப் பறந்தால் அடி குறைவாகப் படும் என்று தோன்றுகிறது.

சிறகுப்பட்டறை:
அப்படித்தான் தோன்றும், ஆனால் தாழ்வாகப் பறந்தால் தவறைத் திருத்த நேரமே கிடைக்காது. தென்னை உயரத்தைப் போல மூன்று மடங்கு ஏறி, த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) பாதிக்குக் குறைத்து, உங்கள் முன்னாலேயே அகலமான வட்டங்களாகச் சுற்றுங்கள். தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னாலும் போக விடாதீர்கள். முதல் நாளில் தம்பியையும் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் விமானத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது, ஆள் வருகிறதா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.